எறிக் வீட்டு மாதாவின் பாரம்

நோபல் பார்க்கில் எறிக்கின் வீட்டுக்கு வந்திருந்த மாதா சொரூபம், 2022 ஜூன் பன்னிரண்டாம் திகதி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐந்து மணியிலிருந்து தூக்க முடியாத பாரமாகிவிட்டது. இரண்டடி உயரம், ஃபைபரில் செய்தது, நாலு கிலோ. மன்னார், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய கத்தோலிக்கக் குடும்பங்களுக்குள் அது கிழமைக்கொரு வீடாகச் சுற்றிவரும். ஞாயிறு பின்னேரம் செபமாலை முடிந்ததும், பட்டியல் வைத்திருக்கும் சுவாம்பிள்ளை அங்கிள் அதைத் தன் காரில் அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவார். அன்று அவர் தூக்கிப் பார்த்தார், அசையவில்லை. ஆறு ஆம்பிளைகள் சேர்ந்து தூக்கினார்கள். ஒருவருக்கு இடுப்புப் பிடித்ததுதான் மிச்சம். சாமான் கிட்டங்கியில் வேலை செய்கிறவர் பாரம் தூக்கும் இரும்பு ஜக் கொண்டுவந்தார், ஜக் வளைந்தது. கடைசியில் எல்லாரும் ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

முந்திய ஞாயிறு சொரூபம் வந்து இறங்கியபோது, எறிக் எல்லாருக்கும் முன்னால் தன் மனைவி யசிந்தாவின் பாஸ்போட்டை அதன் அடியில் வைத்திருந்தான். விண்ணப்பங்களை எழுதி மாதாவின் அடியில் வைப்பது வழக்கம்தான். யசிந்தாவுக்குக் கெதியில் நிரந்தர விசா கிடைக்க வேண்டுமாம். பார்த்தவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. பாஸ்போட் அவள் கைக்குப் போகக்கூடாது என்பதுதான் அவன் எண்ணமென்று ஒருவருக்கும் தெரியாது. அவள் 2019இல் அவனுடைய ஸ்பொன்சரில் தற்காலிக வாழ்க்கைத்துணை விசாவோடு வந்தவள். அடிக்கும்போதெல்லாம் அவன் சொல்வது ஒன்றுதான்: "நான் ஒரு ஈமெயில் போட்டனெண்டா நீ அடுத்த பிளேன்." அவள் அதை நம்பினாள். நம்பாமலிருக்க அவளுக்கு வேறு யாரைத் தெரியும்?

சொரூபம் நகராததால் செபமாலை அந்த வீட்டிலேயே தினமும் ஏழு மணிக்கு நடந்தது. எறிக் பெரிய மனிதனாகிவிட்டான். செபமாலையின் முதல் பத்து மணிகளை அவன்தான் தொடங்குவான். சிட்னி மெரிலேண்ட்ஸிலிருந்துகூட வான் பிடித்து ஆட்கள் வந்தார்கள். வெயில் ஏறத் தொடங்கியும் யசிந்தா முழுக்கைச் சட்டை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். ஒருநாள் குசினியில் சுவாம்பிள்ளை அங்கிளிடம் மெல்ல விசயத்தைச் சொன்னாள். அவர் திகைத்துப்போனார். "என்ன பிள்ளை கதைக்கிறீர்? மாதாவே எழும்பமாட்டன் எண்டு இருக்கிற வீடு. இஞ்ச அப்பிடி நடக்குமே?" என்றார். அவர் கெட்ட மனிதரல்ல. ஆனால் அந்தக் கேள்வியை அவர் மறுபக்கமாக, இந்த வீட்டில் மாதா ஏன் எழும்பமாட்டன் என்கிறார் என்று, கேட்டிருக்க வேண்டும்.

விசாவைப் பற்றிச் செபமாலைக்கு வரும் அன்ரிமார் ஆளுக்கொன்று சொன்னார்கள். இரண்டு வருடம் பொறுத்தால் விசா நிச்சயம் என்றார் ஒருவர், மூன்று என்றார் இன்னொருவர், பிள்ளை பிறந்தால்தான் என்றார் மற்றவர். பொலிசுக்குப் போனால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதில் மட்டும் எல்லாரும் ஒற்றுமை. யசிந்தாவுக்குத் தலை சுற்றியது. எது சட்டம், எது ஊர்க்கதை, எது எறிக்கின் வாய் என்று பிரிக்க முடியவில்லை.

நவம்பரில் வைதேகி வந்தாள். சைவ சமயக்காரி, ஸ்பிரிங்வேலில் பெண்களுக்கான உதவி நிலையமொன்றில் வேலை. நகராத மாதாவைப் புதினம் பார்க்க வந்தவள் கோப்பை கழுவ உதவினாள். நனையாமலிருக்க யசிந்தா சட்டைக் கையை மடித்தபோது காயங்களைப் பார்த்துவிட்டாள். சத்தம் போடாமல் பேசினாள். துணை விசாவில் வந்தவருக்கு வீட்டில் வன்முறை நடந்திருந்தால், உறவு முறிந்தாலும் நிரந்தர விசா கிடைக்க வழி உண்டு. டொக்டரின் கடிதம், சமூக சேவையாளரின் கடிதம் வேண்டும். வக்கீலையும் உரைபெயர்ப்பாளரையும் காசில்லாமல் பிடிக்கலாம்.

"அப்ப அவர் ஈமெயில் போட்டா?"

"போடட்டும். முடிவெடுக்கிறது அவரில்லை, அக்கா. பாஸ்போட் எங்க?"

"மாதாவுக்குக் கீழ."

"ஐயோ, அதை ஒருத்தராலும் தூக்கேலாதாமே?"

யசிந்தாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. "நான் செவ்வாய்க்கிழமையில தூக்கிப்போட்டு மேசை துடைக்கிறனான்," என்றாள். ஆம்பிளைகள் முக்கி முனகுவது அந்தச் சடங்கின் ஒரு பகுதியென்றே அவள் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். தூக்கிப் பார்க்கச் சொல்லி அவளிடம் யாரும் கேட்டதில்லை. பாஸ்போட்டை எடுத்துத் துடைத்து மறுபடி அங்கேயே வைப்பாள், ஏனென்றால் அது அங்கேதான் இருக்க வேண்டுமென்று எறிக் சொல்லியிருந்தான். இதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அடுத்த செவ்வாய், எறிக் வேலைக்குப் போனபின், அவள் ஒரு கையால் சொரூபத்தைத் தூக்கினாள், மறு கையால் பாஸ்போட்டை எடுத்தாள், மேசையைத் துடைத்தாள், வைதேகியின் காரில் ஏறினாள். எறிக் கவலைப்படவில்லை. பாஸ்போட் மாதாவிடம் இருக்கிறது, அவள் எங்கே போவாள் என்று எல்லாரிடமும் சொன்னான். சனமும் அவள் திரும்பிவர வேண்டுமென்று ஒன்பது நாள் செபித்தது.

யசிந்தாவும் எறிக்கும் உண்மையாகவே குடும்பம் நடத்தியவர்கள் என்று விசாவுக்குச் சாட்சி வேண்டியிருந்தது. யசிந்தா சுவாம்பிள்ளை அங்கிளிடம் போனாள். அவள் கையிலிருந்த பாஸ்போட்டை அவர் கனநேரம் பார்த்தார். "இதை ஆர் எடுத்தது?" என்றார். "நான்தான் அங்கிள்." அவர் கதிரையில் இருந்துவிட்டார். பிறகு நாலு பக்கம் எழுதிக் கொடுத்தார். அவள் தன்னிடம் சொன்னதையும், தான் நம்பாததையும் சேர்த்தே எழுதினார். 2024 ஓகஸ்டில் அவளுக்கு நிரந்தர விசா வந்தது. எறிக் மூன்று ஈமெயில் போட்டிருந்தானாம். அடுத்த மாதம் வாடகை வீட்டைக் காலிசெய்து, யாருக்கும் சொல்லாமல் போய்விட்டான். சொரூபம் வெறும் வீட்டில் நின்றது.

அங்கிள் யசிந்தாவுக்குப் போன் எடுத்தார். "பிள்ளை, கேக்க வெக்கமாத்தான் இருக்கு. ஒருக்கா வந்து தூக்கித் தருவீரே?" அவள் உடனே ஓமென்று சொல்லவில்லை. இரண்டு நாள் யோசித்தாள். பிறகு வந்து தூக்கிக் காரில் வைத்தாள்.

அதிலிருந்து ஞாயிறு தோறும் வீட்டுக்கு வீடு கொண்டுபோவது யசிந்தாதான். பெரும்பாலான வீடுகளில் அது நாலு கிலோதான். சில வீடுகளில் அவளுக்கும் எழும்பாது. அப்போது அவள் நேரே குசினிக்குள் போய், அந்த வீட்டுப் பெண்ணோடு தேத்தண்ணி போட்டபடி அவள் கதையைக் கேட்பாள். அங்கிள் ஆம்பிளைகளை வெளியே கூட்டிவந்து, கார் எஞ்சினை நிற்பாட்டிவிட்டுக் காத்திருப்பார். எவ்வளவு நேரமாகுமென்று இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை.