மூன்றாவது பல்லவி

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை மாலை, திண்டுக்கல்–வத்தலக்குண்டு சாலையில் லாரி மோதி, கீபோர்டு வாசிக்கும் டோனி இறந்தான்.

ஜூனில், திண்டுக்கல் வீட்டில், அந்தக் கீபோர்டின் முன்னால் அவன் மனைவி அன்னாள் உட்கார்ந்தாள். கொடைக்கானல் விடுதி ஒன்று டோனியையும், பேஸ் கிட்டார் வாசிக்கும் அவன் தம்பி ராயப்பராஜையும் வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. இப்போது வேறு ஆளோடு வந்து வாசித்துக் காட்டச் சொன்னது. ராயப்பராஜுக்குத் தெரிந்த வேறு ஆள், கோயில் பாடகர் குழுவுக்கு வாசிக்கும் மதினி அன்னாள்தான். கிடைத்தால் இரண்டு பேருக்கும் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் அவன் பழையபடி கல்யாண மண்டபம் மண்டபமாக அலைய வேண்டும்.

வாசிக்க வேண்டியது ஒரு பழைய அமெரிக்க ஜாஸ் பாட்டு.

"பல்லவி எட்டு பார், பாருக்கு நாலு தட்டு. திரும்பப் பல்லவி எட்டு, சரணம் எட்டு, கடைசியா பல்லவி எட்டு. அம்புட்டுத்தான் மதினி. முடிஞ்சா மறுபடி மொதல்லருந்து. மேல நம்ம இஷ்டத்துக்கு வாசிக்கலாம். அடியில இது மாறக்கூடாது."

"அப்ப ஒரு சுத்து முடிஞ்சு அடுத்தது ஏறுறப்ப, பல்லவி மூணு வாட்டி வருதே?"

"அங்கதான் அண்ணன் என்னைய வையும். மூணுல ஒண்ணத் தின்னுட்டு சரணத்துக்கு ஓடிருவேன். சினிமாப் பாட்டு வாசிச்ச கையி, சரணம் எங்கன்னு தேடுது."

"திங்கிறதுல நீ எப்பவும் கெட்டிக்காரன்தான அப்பு."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

சரணத்தின் கார்டுகள்தான், சேர்த்து அமுக்கும் சுரக்கட்டுகள்தான், அவளுக்குப் பிடிபடவில்லை. கோயில் பாட்டில் ஐந்தாவது கார்டு வந்தால் அடுத்தது வீடு, பாட்டு தொடங்கிய சுரம். இங்கே டி செவன் கார்டு ஜி-க்குக் கொண்டுபோய் விட்டது. அதுவும் வீடில்லை, சி-க்குத் தள்ளியது. அது எஃப்-க்கு. அதற்குப் பிறகுதான் பி பிளாட், பல்லவியின் வீடு.

"கோயம்புத்தூர் பஸ் மாதிரி மதினி. ஒட்டன்சத்திரத்துல நிக்கும், பழனியில நிக்கும். ஊரு வந்துருச்சுன்னு எறங்கிறக் கூடாது."

அவளுக்குப் புரிந்தது. சந்தோஷமாக இல்லை. தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து வாடை வருகிறது என்று அவன் ஓடிப்போய் சன்னலைச் சாத்தினான். வாடை அவளுக்கும் தெரிந்தது. அவ்வளவுதான்.

"கல்லு மாதிரி இருக்காதடி, ஒரு வாட்டி அழுதுரு," என்று மாமியார் செபாஸ்தியம்மாள் சமையல்கட்டிலிருந்து சொன்னாள். டோனி போனதிலிருந்து தினமும் சாயங்காலம் மாமியாரோடு அன்னாள் செபமாலை சொன்னாள். மனம் எங்கேயோ கிடக்கும், வாய் சொல்லிக்கொண்டிருக்கும், விரல் ஒரு மணியைக்கூடத் தவறவிடாது. எட்டெட்டுப் பாரையும் விரல் அப்படியே பிடித்துக்கொண்டது.

விடுதியில் இசைக்குப் பொறுப்பாளர் ரொனால்டு. டிரம்ஸில் அவரே உட்கார்ந்தார்.

முதல் சுற்று சுத்தமாக முடிந்தது. இரண்டாவது சுற்று ஏறியது. மூன்றாவது பல்லவி தொடங்கும் இடத்தில் ராயப்பராஜ் சரணத்துக்குப் போனான். அவளுடைய பி பிளாட்டின் அடியில் அவனுடைய டி இடித்தது. தவறு அவனுக்கும் கேட்டது. புருவத்தைத் தூக்கி அவளைக் கூப்பிட்டான். அவளும் தாவியிருந்தால் ரொனால்டும் கூடவே வந்திருப்பார். ஒரு பல்லவி குறைந்த பாட்டு மூன்று பேரோடு முடிந்திருக்கும். அது அவளுக்குத் தெரிந்தது. விரல் அடுத்த மணிக்குப் போனது. அவள் சரணத்துக்கு வந்தபோது அவன் பல்லவிக்குத் திரும்பியிருந்தான். பிறகு அவன் நிறுத்திவிட்டான். பாட்டை அவளும் ரொனால்டும் முடித்தார்கள்.

"யார் விட்டாலும் நீங்க இடத்தை விடலம்மா," என்றார் ரொனால்டு. "கீபோர்டு மட்டும் எடுத்துக்கறோம்."

மலையிலிருந்து இறங்கிய பஸ் வத்தலக்குண்டைத் தாண்டியது. ராயப்பராஜ் கேட்டான்: "ஒரு எட்டு பாரு என் கூட வந்திருக்கலாம்ல மதினி?"

"எண்ணிக்கிட்டு இருந்தேன் அப்பு."

அவன் கிட்டார் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான். அண்ணன் விழுந்த இடத்தைப் பஸ் கடந்தது. இருவருமே அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஜூலை முதல் வாரம் அன்னாள் கொடைக்கானலில் வேலைக்குச் சேர்ந்தாள். ராயப்பராஜ் எரியோட்டில் ஒரு கல்யாணக் கச்சேரிக்குப் போனான்.