பலகைக்கு அந்தப் பக்கம்

மூன்று வாரமாக ஓர்னெல்லாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான்கு வருடம் கூடவே வேலை பார்த்த ராதோ, தன் யோசனையைத் திருடிப் பாதுவா நகரத்துப் போட்டி ஆய்வாளன் ஜிலியோலியிடம் கொடுத்துவிட்டான் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

இத்தாலியில் த்ரியெஸ்தே துறைமுகத்தைப் பார்த்த அந்த ஆய்வுக்கூடத்தில் அவர்கள் செய்யும் வேலையைச் சொன்னால் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். மேசைமேல் பதினாறு கட்டம் போட்ட மர அலமாரி. இந்தப் பக்கம் சோதனைக்கு வந்தவர், அந்தப் பக்கம் ராதோ. சில கட்டங்களுக்கு மட்டும் பின்பலகை உண்டு. அவற்றில் இருப்பது ராதோவுக்குத் தெரியாது. "சின்னக் கோப்பைய எடுங்க" என்பான். இருப்பதிலேயே சின்னது பலகை அடித்த கட்டத்தில் இருக்கும். அவனால் அதைப் பார்க்கவே முடியாது, வேறு கோப்பையைத்தான் சொல்கிறான். ஆனாலும் எல்லார் கண்ணும் முதலில் அங்கேதான் ஓடும். அரை வினாடி கழித்துத்தான் மூளை, "அட மடையா, அவன் இடத்துல இருந்து பாரு" என்று பிடரியில் தட்டும். அந்த அரை வினாடியை அளந்தே பேர் வாங்கியவள் ஓர்னெல்லா.

போன மாதம் அவளுக்குப் புதிதாக ஒன்று தோன்றியது. எதிரில் இருப்பவர்மேல் சந்தேகம் இருந்தால் அந்த அரை வினாடி நீளுமா? மறக்காமலிருக்க ஒரு மஞ்சள் தாளில் எழுதி, அலமாரியின் நடுவே ஒரு கட்டத்தில் குண்டூசியால் குத்திவைத்தாள். ஆறு நாள் ஒத்திகை. அவள் இந்தப் பக்கம், ராதோ அந்தப் பக்கம். தாளும் அவன் முகமும் அடுத்தடுத்த கட்டத்தில். அடுத்த வாரமே ஒரு கூட்டத்தில் ஜிலியோலி அதே கேள்வியை எழுந்து நின்று கேட்டான்!

அதன்பிறகு எதைப் பார்த்தாலும் சாட்சிதான். அவள் உள்ளே வந்தால் ராதோ போனைச் சட்டைப்பையில் போடுகிறான். ஞாயிற்றுக்கிழமை மலைமேல் அவன் அக்கா வீட்டில், சொந்தத் திராட்சை மது விற்கும் முற்றத்தில், ஜிலியோலிக்குச் சிரித்துச் சிரித்து ஊற்றுகிறான். ஓகோ, கதை அப்படிப் போகிறதா என்று பல்லைக் கடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, ராதோவுக்கு வேலை நீட்டிப்பு வேண்டாம் என்று எழுதி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாள். பிறகு மதியம்தான் அவனைக் கூப்பிட்டாள்.

"ஏன் இப்படிப் பண்ணின ராதோ?"

"என்ன மேடம் பண்ணினேன்?"

"நடிக்காத. என் தாளப் படிச்சு ஜிலியோலிகிட்ட ஒப்பிச்சுட்ட."

"எந்தத் தாளு?"

"ஆறு நாள் உன் மூக்குக்கு நேரா இருந்துச்சே, அது! கண்ணு அவிஞ்சா போச்சு?"

"சத்தியமா பாக்கல மேடம்."

"அவனுக்கு ஊத்திக் கொடுத்ததும் நீ இல்லையா?"

"அக்கா வீட்டுக்கு யார் வந்தாலும் நான்தான் ஊத்துவேன். போன வருஷம் உங்களுக்கும் ஊத்தினேன், மூணு டம்ளர்." ராதோவின் முகம் சிவந்துவிட்டது. "அவருக்கும் அது தானா தோணியிருக்கக் கூடாதா? சரி, எந்தக் கட்டம்? என் நாற்காலில வந்து உக்காந்து காட்டுங்க."

காட்டுகிறேன், எனக்கென்ன பயம் என்று விறுவிறுவென்று போய் உட்கார்ந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

எதிரே பலகை. வெறும் பலகை. அதன் மூலையில் 'மூடிய கட்டம்' என்று அவள் கையெழுத்து. பலகை இருந்ததால்தானே குண்டூசி குத்த முடிந்தது! ஐயோ, இது எப்படித் தோன்றாமல் போயிற்று?

"ராதோ... காலையிலேயே எழுதி அனுப்பிட்டேன்."

"தெரியும் மேடம். பத்து மணிக்கே எனக்குப் போன் வந்துருச்சு." அவன் மேல்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். "இங்க வர்ற எல்லாருக்கும் முதல்ல கண்ணு தப்பாத்தான் போகும். அரை வினாடியில திரும்பிரும். உங்களுக்கு மூணு வாரம் ஆயிருக்கு."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஓர்னெல்லா அவன் நாற்காலியில் இருந்தபடியே அலுவலகத்துக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குமேல் அங்கே யாரும் எடுக்க மாட்டார்கள்.