முழு டம்ளர் ரோஜா சோடா

கும்மிடிப்பூண்டி சிப்காட் வாசலில் நான் விற்கிற ரோஜா எலுமிச்சை சோடாவுக்குச் சித்திரை வெயிலில் நல்ல கிராக்கி. ஷிப்ட் முடிந்து வருகிற ஆட்கள் மடமடவென்று இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு, "ஏஞ்சலின் அக்கா கைமணமே வேற" என்பார்கள். கையாவது மணமாவது. ரோஜா உதிர்ப்பதும் எலுமிச்சை பிழிவதும் என் வீட்டுக்காரர் ஸ்டீவன். அதில் ஒரு வாய்கூட அவர் குடிக்கக் கூடாது.

பதினாறு வருஷம் இரும்புக் கம்பெனியில் உலைக்கு முன்னால் நின்றவர். இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் சென்னைக்குப் போய் டயாலிசிஸ். சிறுநீர் பிரியாத உடம்பு, அதிகமாகக் குடித்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குழம்பு, ரசம், மாத்திரைக்கு விழுங்குவது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான். நான் சோடா வண்டிக்குக் கிளம்பும்போது தண்ணீர்க் குடத்தைச் சமையலறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவேன். ஊரில் என்னை ராட்சசி என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

"ஒரே ஒரு முழு டம்ளர்மே," என்று கெஞ்சுவார். "அப்பால செத்தாலும் பரவால்ல."

"உனக்குப் பரவால்ல. எனக்கு?"

காலையில் பெரியபாளையம் பக்கமிருந்து பன்னீர் ரோஜா வரும். அவர் இதழ் இதழாக உதிர்த்துக் கொடுப்பார். கொதிக்கிற சர்க்கரைத் தண்ணீரில் போட்டு மூடி, நிறம் இறங்கியதும் துணியில் வடிகட்டுவேன். நன்றாக ஆறின பிறகுதான் எலுமிச்சை. சூட்டோடு பிழிந்தால் கசந்துபோகும். பிழிந்து முடித்ததும் அவர் விரலை நக்குவார். பார்த்துவிட்டால் கத்துவேன். ஒருநாள் கையில் அடித்தேவிட்டேன். ஐம்பது வயது மனுஷன், கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் பாதியில் அவருக்கு நெஞ்சடைத்தது. மிஷினை நிறுத்திவிட்டு டாக்டரம்மா என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"ஹார்ட் ரொம்ப வீக்கா இருக்கும்மா. இனிமே டயாலிசிஸ் தாங்காது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆசைப்படறதைக் குடுங்க."

"தண்ணி?"

"கேட்டா குடுங்க. இனிமே அளவு பார்க்க வேணாம்."

ரயிலில் அவர் கேட்டார். "இன்னாவாம்?"

"வெயிலுக்கு உடம்பு அசந்து பூட்ச்சாம். வெள்ளிக்கெழம வரச் சொன்னாங்க." நாக்கு கொஞ்சமும் குழறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைப் பூட்டைத் திறந்தேன். வண்டிக்காகக் காலையில் எடுத்துவைத்த ரோஜாப் பாகு இருந்தது. பெரிய கண்ணாடி டம்ளரில் ஊற்றி, ஐஸ் போட்டு, கேஸ் போய்விடாமல் சோடாவை ஓரமாக இறக்கினேன். ரோஜா நிறத்தில் நுரை விளிம்பைத் தாண்டி வழிந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் கையில் கொடுத்தேன்.

ஆவலாக வாங்கி வாயருகில் கொண்டுபோனவர், அப்படியே நிறுத்தினார்.

"ரெண்டு வருசமா ஒரு மடக்குக்கு மூஞ்ச காட்டுவ. இன்னிக்கி வழிய வழியக் குடுக்குற."

"வெயிலா கீதேன்னு…"

"வெள்ளிக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போவணும் இல்ல?"

அழக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். அதை அவர் பார்த்துவிட்டார்.

நுரை அடங்கும்வரை டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தார். உதடு வெடித்திருந்தது. பிறகு அதை என்னிடமே நீட்டினார்.

"வேணாம்மே. இன்னிக்கி முக்கா லிட்டர் ஆயிட்ச்சி," என்றார். "என்னியத் திட்டு."

நான் வாங்கவில்லை.

"திட்டுமே. எப்பவும் திட்டுவ இல்ல, அந்த மாரி."

டம்ளரைப் பிடுங்கிக் கீழே வைத்தேன். அழுதுகொண்டே, வாய்க்கு வந்தபடியெல்லாம் அவரைத் திட்டினேன்.