ஏசுதாஸ் வீட்டு எங்கேஜ்ட் சத்தம்

1

இந்தக் கதையைக் கம்பம்மெட்டு டீக்கடையில் ஓசியில் வாங்கினேன். சொன்னவர் பேரை மாற்றச் சொன்னார், மாற்றிவிட்டேன். ஊரை மாற்றினால் கதை படுத்துவிடும். அந்தக் காலத்தில் கேரள எல்லை உடும்பஞ்சோலையில் ஏசுதாஸ் வீடு இருந்த மேட்டுக்கு மட்டும் செல்போன் எடுக்காது. எல்லா வம்பும் அதில்தான் தொடங்கியது.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'ஏலக்காட்டின் மேல் மூடுபனி மெல்ல...' வேண்டாம். மலைக்கதை எழுதுகிறவன் எல்லாம் மூடுபனியைப் பிடித்துக்கொண்டுதான் மலையேறுகிறான்.

2

ஏசுதாஸ் எஸ்டேட் ஆபீஸ் கிளார்க். வீட்டில் டயல்-அப் இன்டர்நெட். போன் வயரைக் கம்ப்யூட்டரில் செருகினால் அது கீச்சிட்டு, கர்புர்ரென்று கனைத்து, ஒருவழியாக உள்ளே போகும். நெட் ஓடும்வரை போன் எங்கேஜ்ட். (இளைய வாசகர்களே, நம்புங்கள். அப்படியும் வாழ்ந்தோம்.)

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நெட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவான். சனிக்கிழமை பார்த்த அதே ஏலக்காய் விலையை மறுபடி பார்ப்பான். கம்பத்திலிருந்து அவன் அக்கா இருதயம்மாள் கூப்பிடுகிற நேரம் அது. மற்ற நாளில் அவளுக்குக் கடை வியாபாரம். அவனைத் தூக்கி வளர்த்தவள். தன் மகன் செல்லத்துரைக்கு இவன் மகள் சோனாவைக் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது கேட்டுவிட்டுப் போனாள். சோனாவுக்கு இஷ்டமில்லை. அதை அக்காவிடம் சொல்ல ஏசுதாஸுக்கு வாய் வரவில்லை. பேசாமலிருப்பதற்காக மாதாமாதம் டெலிபோன் பில் கட்டினான்.

(அப்பன் இவ்வளவு கோழையா என்று எனக்கே சந்தேகம் வந்தது. தைரியசாலியாக்கிப் பார்த்தேன். "முடியாதுக்கா" என்றான், கதை முடிந்துவிட்டது. மறுபடி கோழையாக்கினேன்.)

3

வில்லன் வேண்டுமே. லைன்மேன் ஜின்சன் வந்தான்.

"பிராட்பேண்டு எடுத்தா போனும் நெட்டும் ஒரே நேரத்துல கிட்டும் சேட்டா. இந்த அபேட்சை பாரத்துல ஒரு ஒப்பு, அதான் கையெழுத்து, போட்டா போதும்."

ஒரே நேரத்தில் என்றதும் ஏசுதாஸ் எடுத்த பேனாவைக் கீழே வைத்தான். "நமக்கெதுக்கு வேகம்? மலையில இடி ஜாஸ்தி."

"இடி இதுக்கும்தான விழுது," என்றாள் மனைவி ஞானஜோதி. "உங்களுக்குப் பயம் இடியா, உங்கக்காவா?"

சோனா கொச்சி ஆஸ்பத்திரி வேலைக்கு நெட்டில் விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருந்தாள். பாதியில் நின்றது. திரும்ப நிரப்பினாள், திரும்ப நின்றது. "இந்த மாசத்தோட கடைசிப்பா," என்றாள். கோபப்படாமல் சொன்னதுதான் அவனைக் குத்தியது. கல்யாணத்திலிருந்து அவளைக் காப்பாற்றிய அதே வயர் வேலைக்கும் குறுக்கே கிடந்தது.

[இங்கே அவன் மனப்போராட்டம் ஒரு பக்கத்துக்கு இருந்தது. எடுத்துவிட்டேன். ஒப்புப் போட்டுவிட்டான்.]

4

முடிவுகள் கைவசம் உண்டு. அக்கா கூப்பிட்டு, செல்லத்துரைக்கு வேறு பெண் அமைந்துவிட்டதாகச் சொல்கிறாள். ஏசுதாஸுக்கு இது ரொம்பப் பிடிக்கும். அதனாலேயே கொடுக்க மாட்டேன்.

சோனாவே பேசி முடித்துவிடுகிறாள். உங்களுக்குப் பிடிக்கும். ஆனால் ஒளிந்தவன் அவனல்லவா?

இல்லாவிட்டால் அன்றைக்கென்று பெரிய இடி ஒன்று... சே.

5

பிராட்பேண்டு வந்த முதல் ஞாயிறு. சோனாவின் விண்ணப்பம் ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்தது. அவள் அதைக் காட்டும்போதே போன் அடித்தது. ஏசுதாஸ் மோடத்தை நம்பிக்கையோடு பார்த்தான். விளக்கெல்லாம் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

சோனா எடுத்தாள். "இருக்காங்க அத்தே." ரிசீவரைப் பொத்திக்கொண்டு நீட்டினாள். "நீங்க சொல்றீங்களாப்பா, நான் சொல்லட்டா?"

வாங்கிக்கொண்டான்.

"ஏண்டா தாசு, எப்பப் போட்டாலும் எங்கேஜு," என்றாள் அக்கா. "உங்களுக்கு என்னமோ ஏதோன்னு வாராவாரம் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்திக்கிட்டிருக்கேன்."

திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. சோனா நகராமல் நிற்கிறாள்.

"நல்லாருக்கோம்க்கா. சோனா விஷயமா ஒண்ணு சொல்லணும். அது வந்து..."

அடுத்ததை எழுதி எழுதி அடித்துவிட்டேன். வளர்த்தவளிடம் எப்படி மறுப்பது என்று எனக்கும் தெரியவில்லை. உங்கள் வீட்டிலும் நீங்கள் எடுக்காமல் விட்ட போன் ஒன்று இருக்கும். அதில் சொல்ல வேண்டியிருந்ததை இவனுக்குக் கொடுங்கள். சீக்கிரம், அக்கா காத்திருக்கிறாள்.