லைனில் ஆள் இருக்கு

…சிரிப்பேதான், இருமல் இல்லை, இரண்டாவது முறையும் கேட்டுவிட்டது, சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா தனியாகச் சிரிக்கிறார், பகல் மூன்று மணிக்கு, என்னிடம் "சாப்டியா", "கதவைச் சாத்தினியா" தவிர வேறு பேச்சே இல்லாத மனிதர். காலை ஆறு மணியிலிருந்து ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்திருந்த கண் இன்னும் எரிகிறது, மூடினால் சிவப்பு வட்டங்கள் மிதக்கின்றன, படுத்தால் தூங்கிவிடுவேன், தூங்கினால் ஐந்து மணி தாண்டிவிடும். ஐந்துக்குள் பதில் சொல்ல வேண்டும். வேறு ஊரில் வேலை, பெரிய ஆஸ்பத்திரி, என் பொறுப்பில் ஒரு பிரிவு, வருகிறேன் அல்லது வரவில்லை, ஒரு வரி போதும். மூன்று வாரமாக அந்த ஒரு வரி வாயில் கிடக்கிறது, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல்… அம்மா போய் நான்கு வருடம், நானும் போய்விட்டால் இந்த வீட்டில் அவர் யாரோடு பேசுவார்? அதைத்தான் பார்த்துவிடலாமே என்று, நேற்று அவர் அறையைக் கூட்டும்போது, கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் படம் பிடித்து வைத்தேன். அவருடைய குண்டுகுண்டான எழுத்தில் ஐ.ஆர்.சி. என்று போட்டு, ஏதோ ஒரு சர்வரின் பெயர், அதன் கீழே #பழையரேடியோ. இது திருட்டுத்தனமா? இருக்கலாம். களைப்பாக இருக்கும்போது எதுவும் அவ்வளவு தப்பாகத் தெரிவதில்லை.

இப்படி ஓர் ஆதிகாலத்து அரட்டை அறை இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. படம் இல்லை, பொம்மை முகங்கள் இல்லை, கறுப்புத் திரையில் வெறும் வரிகள். முதலில் பெயர் கேட்டது. 'மழை' என்று கொடுத்தேன், வேறொருவர் வைத்திருக்கிறார் என்றது. 'புதுசு' என்றேன், அதையும் யாரோ வைத்திருக்கிறார், எத்தனை வருடமாக அந்த ஆள் புதுசாகவே இருக்கிறாரோ… கடைசியில் புதுசு2 ஆனேன். சீட்டில் இருந்தபடி அடித்து உள்ளே போனால் வலது ஓரத்தில் பதினொரு பெயர்கள், டாக்டருக்குக் காத்திருக்கும் கூடம் மாதிரி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது பெயர் 'நம்பர்ப்ளீஸ்'. யாரென்று கேட்கவே வேண்டாம், அப்பாதான், தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னவர். ஊரே அவர் காது வழியாகத்தான் போனது, கல்யாணம், சாவு, கள்ளக்காதல், எதுவும் அவர் வாய் வழியாக வெளியே வந்ததில்லை, காதில் விழுந்தது காதோடு போகணும் என்பார். பேசுபவர் இன்னும் ஃபோனை வைக்கவில்லை என்றால் ஆபரேட்டர்கள் ஒருவருக்கொருவர் "லைன்ல ஆள் இருக்கு" என்று சொல்லிக்கொள்வார்களாம், வாயை மூடு என்று அர்த்தம். அம்மாவும் அவரும் சண்டை போடும்போது நான் உள்ளே நுழைந்தால் அதையேதான் சொல்வார், இரண்டு பேரும் சட்டென்று நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள், என்ன சண்டை என்று எனக்குக் கடைசிவரை தெரியாது…

"வணக்கம்" என்று அடித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம், அது நின்றதும் என் திரையில் வரி, விநோதமாக இருந்தது, ஒரு மனிதரை இரண்டு முறை கேட்பது போல. "வாங்க வாங்க புதுசு2. இங்க பதில் மெதுவாத்தான் வரும், பயப்படாம உக்காருங்க." கொட்டாவி என்ற பெயருடைய ஒருவர், "பெருசு, இன்னிக்கு உங்களுக்கு ஆள் மாட்டிக்கிச்சு" என்றார். "நீ வந்த அன்னிக்கு உன்னோட மூணு மணி நேரம் மல்லுக்கட்டினேன்யா, மறந்துட்டியா?" என்றார் அப்பா. அப்பாதானா? பெயரை வேறு யாரும் எடுத்துக்கொள்ளாமல் இருக்கப் பதிவு செய்யுங்கள் என்று எனக்கு ஒவ்வொரு படியாக எழுதினார், நான் தடுமாறியபோது மறுபடி எழுதினார், அவசரமில்லை என்றார். எனக்கு எப்போது இப்படி ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார், நான் எப்போது கேட்டேன்… கடவுச்சொல் வேண்டுமாம். கண் எரிந்தது, யோசிக்கவில்லை, விரல்கள் தாமாக அடித்தன: பழையவீடு4716. நாங்கள் முன்பு இருந்த வீட்டின் ஃபோன் எண், எனக்கு ஐந்து வயதில் அவர் மனப்பாடம் செய்ய வைத்தது, தொலைந்து போனால் யாரிடமாவது இதைச் சொல்லு, நான்தான் எடுப்பேன். கட்டளை என்றால் வரி சாய்கோட்டில் தொடங்க வேண்டும் என்றிருந்தார், நான் அதற்கு முன்னால் தெரியாமல் ஓர் இடம் விட்டிருக்கிறேன், அதனால் கட்டளையாகப் போக வேண்டியது பேச்சாகப் போய்விட்டது, பதினொரு பேர் முன்னால் பட்டவர்த்தனமாக: பழையவீடு4716.

"ஹாஹா, வீட்டுச் சாவியைத் தெருவுல போட்டாச்சு" என்றார் கொட்டாவி. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. நாற்காலிகூட அசையவில்லை. நான் மூச்சை அடக்கினேன், ஏன் அடக்கினேன், மூச்சு கேட்குமா என்ன… பிறகு மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக, தட்டும் சத்தம். "பரவாயில்லை. முதல் தடவை எல்லாருக்கும் ஆகறதுதான். வேற வெச்சுக்குங்க." அவ்வளவுதான். அடையாளம் தெரியவில்லையா? ஆயிரக்கணக்கான எண்களை மனதில் வைத்திருந்தவருக்குத் தன் வீட்டு எண் மறக்குமா? அதற்குள் கொட்டாவி அடுத்த வரியைப் போட்டுவிட்டார்: "அது கிடக்கட்டும் பெருசு, பொண்ணு வேற ஊருக்குப் போற விஷயத்தைச் சொல்லிச்சா இல்லையா? மூணு வாரமா தினமும் கேக்கறேன்."

மூணு வாரமா. அவரிடம் நான் வாயே திறக்கவில்லை, முதல் நாள் தோழியிடம் மட்டும் ஃபோனில் குசுகுசுவென்று பேசினேன், இதே அறையில், இதே சுவர்தானே, அவர் சிரிப்பை எனக்குக் கொடுத்த சுவர் என் பேச்சை அவருக்குக் கொடுக்காதா… காதில் விழுந்தது காதோடு, ஆனால் இங்கே, இந்தப் பெயர்களிடம் சொல்லியிருக்கிறார். திரையில் பதில் வந்தது.

"லைன்ல ஆள் இருக்கு."

"என்ன ஆளு? புரியலையே" என்றார் கொட்டாவி. அங்கே அது புரிந்தது எனக்கு மட்டும். மணி நாலே கால். அவருக்கு யாரும் இல்லை என்று மூன்று வாரமாக நான் சொல்லிக்கொண்டிருந்தது பொய், இதோ தினமும் விசாரிக்கிறார்கள், அவரைக் கிண்டல் செய்கிறார்கள், நான் போனாலும் மூன்று மணிக்குச் சிரிப்பார். அது எனக்கு நிம்மதியாக அல்லவா இருக்க வேண்டும், ஏன் இல்லை? அவர் தனியாகிவிடுவார் என்றா பயந்தேன், அல்லது தனியாகாமல் இருந்துவிடுவார் என்றா… எழுதும் பெட்டியில் 'அப்பா' என்று அடித்தேன், அனுப்பவில்லை, அழிக்கவும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் விரல்களைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிகிறது, நான் பேசட்டும் என்று காத்திருக்கிறாரா, நான் லைனை விட்டுப் போகட்டும் என்றா…