பல் பிடுங்கப் போன இடத்தில்

புதுவாயலில் பல் டாக்டர் கேட்டார்: “முன்னாடி ஏதாவது ஆபரேஷன் பண்ணியிருக்கீங்களா? உடம்புக்குள்ள எதாவது வச்சிருக்காங்களா?”

ஏஞ்சலின் பக்கத்தில் மாமியார் ஞானம்மா உட்கார்ந்திருந்தாள். ஏஞ்சலினுக்குப் புற்றுநோய்க்காக ஒரு மார்பையே எடுத்துவிட்டு அங்கே சிலிக்கோன் பை வைத்திருந்ததை, வெறும் கட்டி ஆபரேஷன் என்றுதான் அவளும் புருஷனும் வீட்டில் சொல்லிவைத்திருந்தார்கள். எந்த டாக்டரிடம் போனாலும், பல்லுக்கே ஆனாலும், இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று ஆபரேஷன் செய்தவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

“ஒண்ணும் இல்ல சார்” என்றாள் ஏஞ்சலின்.

சீழ் கட்டிய கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார்கள். பத்தாம் நாள் காய்ச்சல் கொதித்தது. மார்பு சிவந்து கல்லாக வீங்கியது. பல்லிலிருந்து பரவியதா என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம். ஆனால் வைத்ததை எடுத்தே ஆக வேண்டுமாம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏஞ்சலின் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். “அத்த, உங்ககிட்ட ஒண்ண மறைச்சிட்டேன்.”

“இன்னாத்த மறைச்ச?” ஞானம்மா வெடித்தாள். “ஆபரேஷன் முடிஞ்சி வந்தப்ப உனக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துனவ நானு. நீ துண்ட இறுக்கிப் புடிச்சிக்கினா எனக்குத் தெரியாதா? அன்னிக்கி அந்தப் பல்லு டாக்டர் கேக்க சொல்ல, நீ கூசுவியேன்னு நானும் வாய மூடிக்கினு குந்தியிருந்தேனேடி!”