ஒரு மணி மீன்கள்

ஏரிக்கரைப் பலகையில் சட்டம் தெளிவாக இருக்கிறது: தூண்டில் முள்ளில் இரை கோக்கலாம். மீனைக் கூட்டுவதற்காகத் தண்ணீரில் இரை தூவக் கூடாது. தூவினால் உரிமம் ஆயுளுக்கும் ரத்து. முப்பது வருஷம் ரயில்களை நேரத்துக்கு அனுப்பிவைத்தவன் நான். அந்தப் பலகையைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

ஆனாலும் ஏரிக் காவலர் என்மேல் நோட்டீஸ் எழுதிவிட்டார். மற்றவர்கள் நாள் முழுக்கக் காய்ந்து கிடக்க, அவர் அறைக்குக் கீழே படியில் உட்கார்ந்த நான் மட்டும் மூட்டை மூட்டையாகப் பிடித்தேனாம். மூட்டை என்பது அவர் கணக்கு. என் கணக்கில் லாரி.

"இரை தூவாம உங்க காலடியில மட்டும் எப்படி சார் மீன் கொதிக்குது?"

"முகராசி."

முகராசி சட்டத்தில் இல்லையாம். உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார். வியாழக்கிழமை அதிகாரியம்மா வந்து ஏரிக்கரையிலேயே விசாரிப்பாராம்.

என்னைவிட இடிந்துபோனது மனைவிதான். "உரிமம் போச்சுன்னா நாள் பூரா வீட்டுலயா இருப்பீங்க?" முந்தின நாள் ஒரு பகல் வீட்டிலிருந்ததற்கே அவளுடைய சமையல் டப்பாக்களையெல்லாம் உயர வரிசையில் அடுக்கியிருந்தேன். "நானும் வர்றேன். யார் கால்ல விழுந்தாவது வாங்கிட்டுத்தான் மறுவேலை."

வியாழன் பன்னிரண்டரைக்கு அதிகாரி வந்தார். என் பை, சட்டை, தொப்பி எல்லாவற்றையும் காவலர் சோதித்தார். மனைவி எழுதிய காய்கறிப் பட்டியல் அகப்பட்டது.

"ஒரு மணி வரைக்கும் பொறுங்க மேடம்," என்றேன். கையைக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். காவலரைச் சாப்பிட்டுவரச் சொன்னார் அதிகாரி.

ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்க, மீன்கள் வந்தன. பத்தல்ல, பத்தாயிரம். அத்தனையும் காவலர் அறையைப் பார்த்து வாயைத் திறந்தபடி நின்றன. அதிகாரி என்னைப் பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன்.

காவலர் டிபன் பாக்ஸோடு இறங்கிவந்தார். "இந்த மாதிரி ஆளுங்களை விடவே கூடாது மேடம்," என்று சொல்லிக்கொண்டே, வழக்கம்போலக் குனிந்து மிச்சச் சோற்றைத் தண்ணீரில் கொட்டிக் கழுவினார். ஏரி கொதித்தது. கன்றுக்குட்டி அளவு மீன் ஒன்று அவர் கையைக் குலுக்காத குறை.

"எத்தனை வருஷமா இங்க கழுவுறீங்க?"

"பதினோரு வருஷமா..." காவலரின் குரல் தேய்ந்தது.

"நோட்டீஸ் சரியாத்தான் இருக்கு. பேரை மட்டும் மாத்துங்க."

எனக்கு மனசு வரவில்லை. "மீனைக் கூட்டணும்னு அவர் கொட்டலை மேடம். குழாயடி வரைக்கும் நடக்கச் சோம்பேறித்தனம். அதுக்குப் பலகையில தடை இல்லை."

அதிகாரி சிரித்துவிட்டார். இனிமேல் குழாயடியில்தான் கழுவ வேண்டும் என்று காவலருக்கு உத்தரவு. உரிமம் என் கைக்கு வருமுன் மனைவி வாங்கி, என் சட்டைப்பையில் திணித்து, பொத்தானும் போட்டுவிட்டாள்.

காவலர் இப்போது குழாயடியில்தான் கழுவுகிறார். ஆனால் பதினோரு வருஷப் பழக்கமாயிற்றே. மீன்கள் இன்னும் ஒரு மணிக்குச் சரியாக வருகின்றன. பன்னிரண்டு ஐம்பதுக்கே நான் படியில் ஆஜர்.